உப்புப் போட்ட ஐசும் பதினொரு பிள்ளைகளும்

வேலன் எனக்கு மச்சான். என் தாயோடு கூடப் பிறந்த மாமனுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்து, நடுவில் இரண்டு தங்காமல், மூத்தவன் வேலனும் கடைசிப் பெண் நாகரெத்தினமும்தான் மிஞ்சினார்கள். இருவருக்கும் பத்து வயது இடைவெளி. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவனே அவன்தான்.

பனிச்சங்கேணிக்கு வடக்கே எங்கள் கரையில் வேலன் என்று கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். ஐஸ் வேலன் என்றால் ஒருவன்தான். கடல் தொழில் குடும்பத்தில் பிறந்தும் அவனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. அலையில் படகு ஏறி இறங்கினால் குடல் வாய்க்கு வந்துவிடும். வாவியில் மட்டும் கம்பூன்றித் தோணி தாங்குவான். அதனால் தகப்பன் அவனைக் கரையில் நிறுத்தி ஐஸ் வேலைக்கு விட்டார். விடியற்காலையில் ஓட்டமாவடி ஐஸ் வாடியில் ஐஸ்கட்டி எடுத்து, உமி மூட்டையும் சாக்கும் போட்டு மூடி, லொறியில் எங்கள் கரைக்குக் கொண்டு வருவான். அதே பெட்டிகளில் மீனையும் இறாலையும் போட்டு மாலையில் வாழைச்சேனைக்குக் கொண்டு போவான். அன்று அங்கேயே படுத்து, மறுநாள் காலை மறுபடி ஐசோடு வருவான். இருபத்தைந்து வருடம் இதுதான் அவன் சீவியம். கை விரல் மொழி மூட்டெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் எப்போதும் உப்பு இருக்கும்.

உப்பு ஏன் என்றால், வெறும் ஐஸ் அரை நாளில் அழுதுவிடும். தூரப் பயணம் என்றால் ஐசை உடைத்து ஒரு சிறங்கை கல்லுப்பை எறிந்து கலக்க வேண்டும். உப்புப் பட்ட ஐஸ் கடிக்கிற கடியில் அறுக்குளா மீன் மரக்கட்டையாகிவிடும். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை அது. வேலனின் பெட்டியில் வந்த மீன் நாறியது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நாகரெத்தினத்தின் மகள் கிருஷாந்தினிக்கு அப்போது நாலரை வயது. ஐஸ் உடைக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாள் முழுக்க அழுது அடம்பிடித்ததால், வேலன் அவளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போயிருந்தான். தாய் வீட்டில் நின்றாள். பிள்ளையின் தகப்பன் அதற்கு இரண்டு வருடம் முன்பே கடலில் காணாமல் போனவன். வேலன் பிள்ளையோடு திரும்பி வந்தபோது பாலமும் இல்லை, வீடும் இல்லை, தங்கையும் இல்லை. அதற்குப் பிறகு கிருஷாந்தினி வேலனுக்கும் அவன் மனைவி சீதேவிப்பிள்ளைக்கும் பிள்ளையானாள். அவர்களுக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை.

அந்தத் தண்ணீர் கொண்டு போனவற்றில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளும் உண்டு. காட் என்றுதான் எங்கள் சனம் அதைச் சொல்லும். அப்போது அதை யாரும் நினைக்கவில்லை. நினைத்தவர் எங்கள் பகுதி மருத்துவமாது இரத்தினம்மா மட்டும்தான். மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய வீடும் பதிவுப் புத்தகங்களும் போய்விட்டன. ஆனாலும் மாசி மாதத்திலேயே ஒரு கொப்பியோடு, வீடிழந்த சனம் இருந்த தறப்பாள் கொட்டில்களுக்குள் குனிந்து குனிந்து போகத் தொடங்கிவிட்டார். "புள்ளைக்கு ஒன்பது மாச ஊசி எப்ப போட்ட நீங்க? கோயில் சடங்குக்கு முன்னயா, பின்னயா? காய்ச்சல் காஞ்சதா?" என்று கேட்டுக் கேட்டு, தாய்மாரின் ஞாபகத்தையும் தன் ஞாபகத்தையும் ஒட்டுப்போட்டுப் புது அட்டை எழுதினார். அட்டை இல்லாமல் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையை எடுக்க மாட்டார்கள். அதிலும் ஐந்து வயது ஊசி போட்டு ஒப்பம் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள்.

ஆனால் ஊசி மருந்து வருவதற்கு வழியில்லை. மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டி கடலோடு போய்விட்டது. வாழைச்சேனைப் பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கந்தோரிலிருந்து வாகனம் உடைந்த பாலம் வரைக்கும்தான் வரும், அதுவும் நினைத்த நாளில் வராது. தினமும் அங்கிருந்து குளிரோடு வருகிறவன் ஒருவன்தான். மிஸ்ஸி வேலனைக் கூப்பிட்டு, நீல நிறத்தில் தோளில் தொங்கும் மருந்துப் பெட்டியைக் காட்டினார்.

"வேலண்ணன், மாசத்தில ஒரு நாள். கிளினிக் நடக்கிற அண்டு காலையில கந்தோரில எடுத்து எனக்குக் கொண்டந்து தரணும். மிஞ்சினத்த அண்டு பின்னேரமே திருப்பிக் குடுக்கணும். சூடு மட்டும் படக்கூடாது."

"மிஸ்ஸி, அம்மன் சிலையத் தந்தாலும் இவ்வளவு பத்திரமாக் கொண்டரமாட்டன்" என்றான் வேலன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் கொண்டு வந்தான். நான்காவது மாதம், ஆனியில்தான் அது நடந்தது.

அன்று விடியற்காலையில் கந்தோரில் மருந்து எடுத்துக் கொடுத்தவர் பதியுதீன் காக்கா. குளிர்ப்பெட்டிகளுக்குப் பொறுப்பானவர், ஓட்டமாவடிக்காரர், வேலனுக்குப் பழைய பழக்கம். கைக்குழந்தைகளுக்குப் போடும் முக்கூட்டு மருந்தையும் சொட்டு மருந்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி நடுவில் வைத்திருந்தார். ஐந்து வயதுக்காரருக்கான மருந்துக் குப்பிகள் கடைசி நேரத்தில் சேர்ந்தவை. அவற்றை ஒரு சிறு பையில் கட்டி ஓரத்தில் சொருகினார். சுற்றிவர நாலு ஐஸ் பை வைத்து மூடினார்.

லொறி சோதனைச் சாவடியில் நின்றது. காலை ஆறு மணிக்கு நின்ற வரிசை எட்டு மணியாகியும் அசையவில்லை. வெயில் ஏறியது. வேலன் தன் மீன் ஐசைத் தொட்டுப் பார்த்தான், அது அழத் தொடங்கியிருந்தது. மருந்துப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். ஐஸ் பைகளுக்குள் தண்ணீர் ஆடியது. 'சூடு மட்டும் படக்கூடாது' என்று மிஸ்ஸி சொன்னது காதில் நின்றது. முப்பது பிள்ளைகளின் மருந்து தன் கையில் கெட்டுப் போகப் போகிறது என்று அவன் பயந்தான். பிறகு, மீனுக்குச் செய்வதைச் செய்தான். ஐசை நன்றாக உடைத்து, இரண்டு சிறங்கை உப்பைக் கலந்து, பெட்டிக்குள் மருந்தைச் சுற்றி இறுக்கி அடைத்தான். தண்ணீரான ஐஸ் பைகளையும் தன் மீன் பெட்டியின் உப்பு ஐசுக்குள் புதைத்தான்.

பத்தரைக்கு உடைந்த பாலத்தடியில் இறங்கியபோது பெட்டி கை வைக்க முடியாத குளிர். வாவியைக் கடக்கத் தோணியில் ஏறுவதற்கு முன் உப்பு ஐசைக் கொட்டிவிட்டு, மறுபடி கல்லாகியிருந்த ஐஸ் பைகளைப் பழையபடி வைத்து மூடினான். மூடியைத் திறந்தது தெரிந்தால் மிஸ்ஸி கோபிப்பார் என்ற ஒரு சின்னப் பயம். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி பள்ளிக்கூடத்து மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. காலையிலிருந்து காத்திருந்த தாய்மார் பசியிலும் பிள்ளைகளின் சிணுங்கலிலும் நொந்துபோயிருந்தார்கள். மிஸ்ஸி முதலில் கைக்குழந்தைகள் பதினெட்டுப் பேருக்குப் போட்டார். பிறகு ஐந்து வயதுக்காரர் பதினொரு பேருக்குப் போட்டார். பதினொன்றில் ஒருத்தி கிருஷாந்தினி. எல்லோருடைய அட்டையிலும் திகதி எழுதி ஒப்பம் வைத்தார். மிஞ்சிய குப்பிகளோடு வேலன் பின்னேரம் கந்தோருக்குத் திரும்பினான்.

பதியுதீன் காக்கா ஒவ்வொரு குப்பியாக எடுத்துப் பார்த்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"என்ன வேலன், ஒட்டின கடதாசியெல்லாம் உப்புப் பூத்திரிக்கி?"

வேலனுக்கு வாயில் வந்தது பொய். "தோணியில வரக்குள்ள கடல் தண்ணி அடிச்சிட்டு காக்கா."

"அப்ப பறவாயில்ல. நான் பயந்திட்டன். உன்ட மீன் ஐசக் கொண்டு வச்சிட்டியோ எண்டு நினச்சன்."

"வச்சா என்ன காக்கா? குளிர் கூடினா நல்லதுதானே?"

"நல்லதா? இது என்ன இறாலா? இந்த மருந்து உறைஞ்சா செத்துப்போகும். பாத்தாத் தெரியாது. தண்ணியக் குத்தின மாதிரித்தான். சொட்டு மருந்து மட்டும்தான் உறைஞ்சாலும் தாங்கும். காட்டில ஊசி போட்டாச்சு எண்டு இரிக்கும், புள்ளைக்கு ஒண்டும் இரிக்காது. மறுகா தொண்டைக்கரப்பான் வருத்தம் வந்து மூச்சடைச்சா ஆர் பதில் சொல்ற?"

அவர் அதைச் சொல்லிவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் எழுதப் போய்விட்டார். வேலன் வெறும் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஐசோடு கரைக்கு வந்தான். கொட்டில் வாசலில் கிருஷாந்தினி ஓடி வந்து சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள்.

"மாமா, நோகுது. ஆனா நான் அழல்ல. நிலோஜன்தான் அழுதான். இனி எனக்கு ஒரு வருத்தமும் வராதாம், மிஸ்ஸி சொன்னவ."

வேலன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தான். ஊசி குத்திய இடம் சின்னதாகச் சிவந்திருந்தது. சீதேவிப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன முகம் அது, சூரை மீன வெயில்ல போட்ட மாதிரி?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாட்டிச் சோத்தத் தின்னுங்க."

சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். அவள் வந்து எதிரே குந்தினாள். "செத்த தங்கச்சியையா நினைக்கிறீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்ல புள்ள. அவள்ட மகள் உசிரோட இரிக்கிறத்தான் நினைக்கிறன்" என்று சொல்லி, நடந்ததெல்லாம் அவளிடம் கொட்டினான்.

அவள், "ஆருக்கும் தெரியுமா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒழும்புங்க. கைய கழுவுங்க. மிஸ்ஸி வீட்டுக்கு வீடு போறதுக்கு முன்னப் போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா, நீங்க அனுப்பினதெண்டு கேவலமாப் போயிரும்."

மிஸ்ஸி அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். வேலன் வழியில் மறித்து நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னான். அடிப்பார், ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றான். மிஸ்ஸி சைக்கிளை வேலியில் சாத்தினார். நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"எத்தனை மணிக்கு ஐஸ் போட்ட நீங்க?"

"எட்டு இருக்கும் மிஸ்ஸி."

"எத்தனைக்குக் கொட்டின?"

"பத்தரை."

"உப்பு எவ்வளவு?"

"ரெண்டு சிறங்கை."

"டப்பா நடுவுலதானே இருந்த? பஞ்சைப் பிரிச்சீங்களா?"

"பிரிக்கல்ல. சின்னப் பை மட்டும் ஐசோட ஐசா இருந்த."

எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "வேலண்ணன், சூடு படக்கூடாது எண்டு மட்டும்தான் நான் சொன்ன. உறையக்கூடாது எண்டு சொல்லல்ல. குப்பிய எடுத்துக் குலுக்கி வெளிச்சத்தில பாத்திருக்கணும், சனம் கத்தின அவசரத்தில அதையும் விட்டிட்டன். அது என்ட பிழை. வாங்க, கந்தோருக்குப் போவம்" என்றார்.

அன்று இரண்டு பேரும் தோணி ஏறி, லொறி ஏறிப் போனார்கள். கந்தோரில் டொக்டர் அம்மா இருந்தார். அவர் எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது, அமைதியாகப் பேசுகிறவர். மிஸ்ஸி கொப்பியைப் பார்த்து வாசித்தார். பக்கத்தில் நின்ற பதியுதீன் காக்கா வேலனை ஒரு பார்வை பார்த்தார்.

"கடல் தண்ணி எண்டியே?"

"பொய் காக்கா."

"நானும் நம்பிட்டனே! இனி நீ இறால் புதிசு எண்டு சத்தியம் பண்ணினாலும் நான் வாங்கமாட்டன்."

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. "கோபப்பட நேரமில்லை. பார்க்க வழியிருக்கிறது" என்றார். உறைந்த மருந்தையும் உறையாத மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் வித்தியாசம் தெரியுமாம். உறைந்தது சீக்கிரம் அடியில் படிந்துவிடும், நல்லது கலங்கலாகவே நிற்கும். அதற்கு, உறைந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த குப்பி ஒன்று வேண்டும். கந்தோரில் அதே தொகுதி மருந்து மீதி இருந்தது. காலையிலிருந்து மின்சாரம் இல்லை.

"உறைய வைக்க என்ன செய்யலாம்?" என்றார்.

பதியுதீன் காக்கா வேலனைக் காட்டினார். "உறைய வைக்கிற ஆள் இஞ்ச நிக்கிறான் டொக்டர்."

வேலன் ஓடிப்போய் ஐஸ் வாடியில் ஒரு வாளி ஐசும் உப்பும் வாங்கி வந்தான். முக்கூட்டு மருந்தில் ஒரு குப்பி, ஐந்து வயது மருந்தில் ஒரு குப்பி. தான் சாவடியில் செய்தது போலவே உடைத்து, கலந்து, புதைத்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டும் கல்லாகிவிட்டன. அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திப் பிடித்து உருக வைத்தான். இருபத்தைந்து வருடம் குளிரைக் காத்த கை அது. அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சூடு கொடுத்தது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

நாலு குப்பிகளையும் டொக்டர் அம்மா குலுக்கி, சோடி சோடியாக யன்னல் ஓரத்து மேசையில் வைத்தார். "மேசையில் யாரும் தொட வேண்டாம்" என்றார். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலன் மூச்சு விடவும் பயந்தான், மூச்சுப் பட்டுக் குப்பி ஆடிவிடும் என்று.

முதல் சோடி, கைக்குழந்தைகளின் மருந்து. வேலன் உறைய வைத்த குப்பியில் திரள் திரளாகக் கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. திருப்பிக் கொண்டு வந்த குப்பி கஞ்சித் தண்ணீர் போல அப்படியே கலங்கி நின்றது. கால் மணித்தியாலம் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் பார்த்தார்கள். கலங்கல் கலங்கலாகவே நின்றது.

"இது நல்லது" என்றார் டொக்டர் அம்மா. "பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை."

வேலன் அப்படியே சீமெந்து நிலத்தில் இருந்துவிட்டான். மிஸ்ஸி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

இரண்டாவது சோடியில் இரண்டு குப்பியும் ஒரே மாதிரி படிந்துவிட்டன. ஓரத்தில் இருந்த பை செத்துப்போயிருந்தது.

"அப்ப அந்தப் பதினொண்டும்?" என்று வேலன் கீழே இருந்தபடி கேட்டான்.

"கேடு ஒன்றுமில்லை. போடாத மாதிரித்தான். நல்ல மருந்தைத் திருப்பிப் போட்டால் சரி. ஆனால் பதினொரு பேருக்கும் போட வேண்டும். அட்டையில் போட்டது என்று இருப்பதால், நாம் தேடிப் போகாவிட்டால் அவர்களை இனி யாரும் தேட மாட்டார்கள்."

"நான் தேடுறன்" என்றான் வேலன்.

பதியுதீன் காக்கா புது மருந்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று வேலனைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக் காட்டினார். ஐஸ் பையை எடுத்த உடனே வைக்கக்கூடாது. வெளியே வைத்து, வேர்த்து, உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். சாவடியில் தண்ணீர் ஆடுகிறது என்று வேலன் பயந்த சத்தம், மருந்துக்கு நல்ல சத்தம்.

ஊருக்குத் திரும்பி இருவரும் கொட்டில் கொட்டிலாகப் போனார்கள். கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிடலாம் என்று மிஸ்ஸி நினைத்திருந்தார். வேலன்தான், நானே வாயால் சொல்கிறேன் என்றான். மிஸ்ஸியின் பயம் வேறு. எத்தனையோ சிரமப்பட்டு அந்தத் தாய்மாரைக் கிளினிக்குக்குக் கொண்டு வந்திருந்தார். ஒரு தரம் நம்பிக்கை போனால் கைக்குழந்தைகளின் ஊசியும் சேர்ந்து நின்றுவிடும்.

சிலர் ஏசினார்கள். ஒருவன், "கடல் தின்ன மிச்சத்த நீ ஐஸ் போட்டுக் கொல்லப் பாத்தியா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான். வேலன் விலகவில்லை. மிஸ்ஸி நடுவில் நின்று, மருந்து செத்ததே தவிரப் பிள்ளைக்குக் கேடில்லை என்று இரண்டு தரம், மூன்று தரம் சொன்னார். இன்னொருத்தி, எங்களுக்கு மருமகள் முறையானவள், வேலனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏன் மாமா, எங்கட புள்ளையள் நாறிப்போகுமெண்டா உப்புப் போட்ட நீங்க?"

அந்தச் சிரிப்பு கொட்டில் கொட்டிலாகப் போனது. ஏசுகிறதைவிட அது அவனுக்கு இலேசாக இருந்தது.

திரும்ப ஊசி போட்ட நாளில் யாரும் முன்னுக்கு வரவில்லை. எல்லோரும் மரத்தடியில் தள்ளி நின்று பார்த்தார்கள். சீதேவிப்பிள்ளை கிருஷாந்தினியை இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"எனக்குப் போட்டாச்சு! காட்டில இரிக்கி! மாமா பிழை விட்டா மாமாவுக்குப் போடுங்க!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. வேலன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, "சரி மனே, நீ என்ட கையக் கடி. உனக்கு நோகிற அளவுக்குக் கடி" என்று தன் கையைக் கொடுத்தான். அவள் உண்மையாகவே கடித்தாள். ஊசி போனது அவளுக்குத் தெரியவில்லை. மிஸ்ஸி அவள் அட்டையில் பழைய வரியைச் சிவப்பு மையால் வெட்டி, புதுத் திகதி எழுதி ஒப்பம் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பத்துப் பேர்.

பதினொன்றாவது நிலோஜன். அவன் தாய் தனுஷா, கிளினிக் நடந்த மறுநாளே, வேலன் சொல்லப் போவதற்கு முன்பே, கொட்டிலைக் கட்டிப் பூட்டிவிட்டு, "பெரியப்பா வீட்ட போறன், அங்க பள்ளிக்கூடம் சேக்கப் போறன்" என்று சொல்லிப் போய்விட்டாள். எந்தப் பெரியப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. வேலன் என்னிடம் வந்தான். தனுஷாவின் தகப்பனுக்குத் தமையன்மார் மூன்று பேர். மூத்தவர் ஏறாவூருக்கு அங்கால் மகளோடு இருக்கிறார், அந்த மகளுக்கும் தனுஷாவுக்கும் பேச்சில்லை. இரண்டாவது மனிதர் செத்துப்போனார். மூன்றாவது வந்தாறுமூலைக் கதிர்காமத்தம்பி. அவரும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள், இந்தப் பெண்ணைச் சின்னதில் வளர்க்கக் கேட்டவர்களும் அவர்கள்தான். "வந்தாறுமூலைக்குப் போ" என்றேன்.

டொக்டர் அம்மா எழுதிய கடிதத்தோடு வேலன் போனான். தனுஷா அங்கேதான் இருந்தாள். முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், விசயத்தைக் கேட்டதும் பிள்ளையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மாமா, பள்ளிக்கூடத்தில காட்டப் பாத்து, சரியெண்டு பேர் எழுதியாச்சு. இப்ப போய் அத வெட்டினா, பள்ளிக்கூடப் பெரியவர் சந்தேகப்பட்டுப் பேரையும் வெட்டுவார். நாங்க இஞ்ச வந்த சனம். இடம் கிடைச்சதே பெரிய காரியம்."

"புள்ள, அவங்க பாத்தது காட்ட. காட்டில இரிக்கி, புள்ளைட உடம்பில இல்ல."

"இல்லாட்டி என்ன? இவ்வளவு நாள் ஒண்டும் வரல்லதானே?"

கதிர்காமத்தம்பி கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வேலன், நீ சொல்லாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்த?" என்றார்.

"பத்துக்குப் போட்டாச்சு அண்ணன். ஒண்டு நிக்குது" என்றான் வேலன். பிறகு தனுஷாவைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு நானே வாறன். பெரியவரிட்ட நானே சொல்றன். பேர வெட்டினா, திருப்பி எழுதும் வரைக்கும் அந்தப் படியிலயே இருப்பன்" என்றான்.

தனுஷா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கடல் வந்த அன்று தங்கையைத் தேடி இந்த மனிதன் மணலைக் கையால் கிளறியதைப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. நெல்லை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

அன்று அந்தப் பகுதிக் கிளினிக் நாள் இல்லை. கடிதத்தைப் பார்த்த இளம் மருத்துவமாது, பக்கத்து நிலையத்தில் குளிரில் இருந்த மருந்தை எடுத்து, வேலன் பார்க்கும்படி குலுக்கி வெளிச்சத்தில் காட்டினார். கலங்கல், கஞ்சித் தண்ணீர் போல. வேலன் தலையை ஆட்டினான். நிலோஜன் ஊசிக்கு முன்பே அழத் தொடங்கி, போட்டு முடித்த பிறகும் நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதிபர் அட்டையில் பழைய வரியை வெட்டிய சிவப்புக் கோட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். வேலன் ஐசில் தொடங்கி உப்பு, சாவடி, பொய், குப்பி வரைக்கும் நின்றபடி சொன்னான். அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.

"திகதி புதிசாத்தானே இருக்கு? ஒப்பமும் இருக்கு. பேர ஏன் வெட்டணும்?" என்று சொல்லி அட்டையைத் தனுஷாவிடம் நீட்டினார். "எங்களுக்கு வேண்டியது ஊசி போட்ட புள்ள. இது ரெண்டு தரம் போட்ட புள்ள."

தனுஷா வாசலுக்கு வந்துதான் மூச்சு விட்டாள். வேலன் அன்று கதிர்காமத்தம்பி வீட்டில் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். பத்து நாளாக அவன் பாதிச் சோற்றோடு எழும்பியதை அவர்கள் அறியமாட்டார்கள். "ஐஸ்காரனுக்கு வயித்துக்குள்ள உமி மூட்டையா வச்சிரிக்கி?" என்று கதிர்காமத்தம்பியின் மனைவி கேட்டாளாம்.

மறுநாள் ஐசோடு வந்தபோது, அக்கரையில் மிஸ்ஸி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது தோணியிலிருந்தே தெரிந்தது. விடியற்காலையிலிருந்து நிற்கிறார் என்று பிறகு சொன்னார்கள். வேலன் நடுத் தண்ணீரில் எழுந்து நின்றான். தோணி ஒரு பக்கம் சாய்ந்தது.

"மிஸ்ஸி! பதினொண்டும் சரி!"

மிஸ்ஸிக்குக் கேட்டதோ இல்லையோ, சைக்கிளை மணலில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். தோணிக்காரன் கோணாமலை பாரத்தைச் சமன் பண்ணத் துடுப்பை ஊன்றினான்.

"இருங்க அண்ணன், கவிழப் போகுது! என்ன பதினொண்டு? அறுக்குளாவா?"

"போடா" என்றான் வேலன். "புள்ளையள்."